கொலைகாரன் யார் என்று முதலிலேயே தெரிந்துவிட்டால்: 'ஃப்ரம் ஹெல்' படித்த அனுபவம்

'ஃப்ரம் ஹெல்' காமிக்ஸில் கொலைகாரன் யார் என்பதை இரண்டாம் அத்தியாயத்திலேயே ஊகித்துவிடலாம். நான்காவது முடியும்போது சந்தேகமே இருக்காது. முதல் கொலை ஐந்தாவதில்தான் நடக்கிறது. வழக்கை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் களத்தில் இறங்குவது அதற்கும் அப்புறம். மொத்தம் 14 அத்தியாயங்கள், முன்னும் பின்னும் ஒவ்வொரு சிறு பகுதி, ஏறக்குறைய 570 பக்கம். முத்து காமிக்ஸில் ரிப் கிர்பியைப் படித்து வளர்ந்த எனக்கெல்லாம் கடைசி நாலு பக்கத்தில் குற்றவாளி பிடிபட்டால்தான் அது துப்பறியும் கதை. அந்தப் பழக்கத்தோடு இந்தப் புத்தகத்தைத் திறப்பவர்கள் பாதியில் மூடிவிடுகிறார்கள். நான் சொல்லி வாங்கிய நண்பர்களில் சிலர் அப்படித்தான் மூடினார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஆலன் மூர் எழுதியது, எடி கேம்ப்பெல் வரைந்தது. 1989-ல் தொடராக ஆரம்பித்து, பதிப்பகங்கள் மாறி மாறி, தொண்ணூறுகள் முழுக்க இழுத்து, 1999-ல் ஒரே தொகுப்பாக வந்தது. 1888-ல் கிழக்கு லண்டனின் வைட்சாப்பல் பகுதியில் நடந்த கொலைகள்தான் கதை. ஆகஸ்ட் 31-லிருந்து நவம்பர் 9 வரை ஐந்து பெண்கள். கொன்றவன் பிடிபடவில்லை. ஜாக் த ரிப்பர் என்ற பெயர்கூடக் கொலைகாரன் எழுதியதாகச் சொல்லி ஒரு செய்தி நிறுவனத்துக்கு வந்த கடிதத்திலிருந்து வந்ததுதான். அதை ஒரு பத்திரிகைக்காரரே எழுதியிருப்பார் என்று போலீஸ் அதிகாரிகள் பிற்பாடு நினைத்தார்கள். காமிக்ஸின் தலைப்பு வேறொரு கடிதத்திலிருந்து எடுத்தது. அக்டோபர் 16 அன்று, அந்தப் பகுதி மக்களின் கண்காணிப்புக் குழுத் தலைவர் ஜார்ஜ் லஸ்க் என்பவருக்கு ஒரு சிறிய பெட்டி தபாலில் வந்தது. உள்ளே பாதிச் சிறுநீரகம், கூடவே ஒரு கடிதம். அனுப்பிய இடம் என்று மேலே எழுதியிருந்தது: நரகத்திலிருந்து.

நான் ஈஸ்ட் ஹாமில் குடியிருக்கிறேன். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் மளிகை வாங்கிக்கொண்டு டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் ஏறினால் இருபது நிமிஷம் போல வைட்சாப்பல் வந்துவிடும். வேலைக்குப் போகும் வழி அதுதான். புத்தகத்தைப் படிக்கும் முன்பே அந்த ஸ்டேஷன் பெயர் காதில் விழுந்து பழகிப்போயிருந்தது. சும்மா சொல்லவில்லை, கதை நடக்கும் தெருக்கள் பக்கத்தில் இருந்தது எனக்குப் படிப்பதற்கே உதவியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் யோசனை இது: "யார்?" என்ற கேள்வியைக் கழற்றி வைத்துவிட்டுப் படியுங்கள். கொலைகாரனாக மூர் காட்டுவது விக்டோரியா மகாராணியின் மருத்துவர் சர் வில்லியம் கல். நிஜ மனிதர். 1871-ல் இளவரசருக்கு டைபாய்டு வந்தபோது பார்த்துப் பிழைக்க வைத்தவர், சாப்பாட்டை வெறுத்து உடல் மெலியும் நோய்க்கு இன்றைக்கும் வழங்கும் 'அனோரெக்சியா நெர்வோசா' என்ற பெயரைக் கொடுத்தவர். அவரைக் கொலைகாரனாக்கியது ஸ்டீபன் நைட் 1976-ல் எழுதிய ஒரு புத்தகம். மகாராணியின் பேரன் ஒரு கடைப் பெண்ணை ரகசியமாகக் கல்யாணம் செய்தான், விஷயம் தெரிந்த ஏழைப் பெண்கள் மிரட்டிப் பணம் கேட்டார்கள், அவர்கள் வாயை அடைக்க அரண்மனையே டாக்டரை அனுப்பியது என்று போகும் கதை. இந்தக் கதையை நைட்டுக்குச் சொன்ன ஆளே 1978-ல் அதெல்லாம் தான் அளந்த கதை என்று ஒரு பத்திரிகையிடம் சொல்லிவிட்டார். 1888-ல் அந்த டாக்டருக்கு 71 வயது, முந்தின வருஷம்தான் பக்கவாதம் வந்திருந்தது. இதெல்லாம் மூருக்கும் தெரியும். அந்தக் கதையை அவர் நம்பவும் இல்லை. தெரிந்தே ஒரு பொய்யை எடுத்துக்கொண்டு, அதற்குள் அந்தக் காலத்து லண்டனை முழுசாக நுழைக்கப் பார்க்கிறார்.

இதற்குப் பொறி ஒரு நகைச்சுவை நாவலிலிருந்து வந்ததாக மூர் சொல்லியிருக்கிறார். டக்ளஸ் ஆடம்ஸின் துப்பறிவாளர் ஒருவர் எல்லாவற்றையும் முழுமையாகப் பார்த்துத்தான் துப்பறிவேன் என்பார். ஒரு கொலையை அப்படி முழுமையாகத் துப்பறிய வேண்டுமானால் அது நடந்த சமூகத்தையே துப்பறிய வேண்டுமே என்று மூருக்குத் தோன்றியிருக்கிறது. சரி, இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் புத்தகத்தின் விசித்திரமான இடங்கள் பாதி தெளிவாகிவிடும். ஐந்தாம் அத்தியாயம் ஆஸ்திரியாவில் ஒரு படுக்கையறையில் ஏன் தொடங்குகிறது என்று நண்பர் ஒருவர் கேட்டார். 1889 ஏப்ரலில் பிறக்கப்போகும் ஹிட்லர் 1888-ன் கோடையில்தானே கருவில் வந்திருக்க முடியும்! மூர் அதையும் தன் வழக்கில் ஒரு தடயமாகச் சேர்த்துவிடுகிறார்.

இன்ஸ்பெக்டர் அபர்லைனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2001-ல் வந்த சினிமாவைப் பார்த்தவர்கள் ஜானி டெப்பின் முகத்தோடு வருவார்கள். அதை மறந்துவிடுங்கள். காமிக்ஸ் அபர்லைன் தடித்த, நடுவயது தாண்டப்போகும், வேலை அலுத்துப்போன மனிதர். நிஜத்திலும் அவர் வைட்சாப்பலில் 14 வருஷம் வேலை பார்த்துவிட்டு, 1887-ல் ஸ்காட்லாந்து யார்டுக்குப் போனவர். தப்பித்தோம் என்று மூச்சு விடுவதற்குள், "அந்த ஏரியா உங்களுக்குத்தான் அத்துப்படி" என்று மறுபடி அங்கேயே அனுப்பிவிடுகிறார்கள். அரசு வேலையில் இருப்பவர்களுக்கு இந்த எரிச்சலை விளக்க வேண்டியதில்லை. அவரிடம் மேதைத்தனம் இல்லை, உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லை. நடந்து நடந்து விசாரிக்கிறார். மதுக்கடையில் ஒரு பெண்ணோடு பேசிப் பழகுகிறார். அவள் யார் என்று நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. புத்தகத்தில் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது ரத்தம் வரும் பக்கங்கள் இல்லை, இந்த இரண்டு பேரும் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் பக்கங்கள்தான்.

கடைசியில் அவர் கொலைகாரனைக் கண்டுபிடிக்கிறார். எப்படி? ராபர்ட் லீஸ் என்ற ஆவி ஜோசியர், தன்னை அவமானப்படுத்திய டாக்டரைப் பழிவாங்க, ஞானதிருஷ்டியில் பார்த்தேன் என்று புளுகி அந்த வீட்டு வாசலுக்கு இன்ஸ்பெக்டரைக் கூட்டிப்போகிறார். டாக்டர் சாவகாசமாக "ஆமாம், நான்தான்" என்கிறார். பொய் சொல்லிக் கூட்டிப்போன இடத்தில் உண்மை இருக்கிறது. உண்மை கிடைத்து என்ன பயன்? மேலிடம் மூடி மறைக்கிறது, அபர்லைன் வாயை மூடிக்கொள்கிறார். முன்கதையே அபர்லைனும் லீஸும் கிழவர்களாகி, 1923-ல் போர்ன்மவுத் கடற்கரையில் காலாற நடப்பதில்தான் ஆரம்பிக்கிறது. முதல் தடவை படிக்கும்போது அந்தப் பக்கங்கள் ஒன்றும் புரியாது. பரவாயில்லை, தாண்டிப் போங்கள். புத்தகம் முடிந்த கையோடு திரும்ப வந்து அந்தப் பக்கங்களைப் படித்தால் ஒவ்வொரு வரியும் வேறு மாதிரி உறைக்கும்.

நிஜ அபர்லைன் யாரைச் சந்தேகப்பட்டார் என்பது தனிக் கதை. மனைவி என்று சொல்லிக் கூட வாழ்ந்த மூவருக்கு விஷம் வைத்த ஜார்ஜ் சாப்மன் என்பவனுக்கு 1903-ல் தண்டனை கிடைத்தபோது, ரிப்பரும் இவனாகத்தான் இருக்கும் என்று பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். கத்தியால் கொன்றவன் விஷத்துக்கு மாறுவானா என்று கேட்டு, இதை ஏற்காதவர்களும் நிறைய.

இது மனதை உலுக்கும் திகில் கதை என்பதற்கு என்னிடம் இருக்கும் சாட்சி ஒரே ஒரு காட்சி. லண்டன் ஆஸ்பத்திரியில் ஜோசப் மெரிக் இருக்கிறார், முகமும் உடலும் விகாரமாக வளர்ந்ததால் 'யானை மனிதன்' என்று ஊர் வேடிக்கை பார்த்தவர். டாக்டர் அவரைப் போய்ப் பார்க்கிறார். எல்லோரும் பரிதாபப்படும் அந்த மனிதரிடம், நீ இந்தியாவில் பிறந்திருந்தால் உன்னைக் கும்பிட்டிருப்பார்கள், அங்கே யானை முகக் கடவுளை வணங்காமல் எந்தக் காரியமும் தொடங்க மாட்டார்கள் என்கிறார். மெரிக்கின் முகம் மலர்கிறது. நமக்கும் டாக்டர் மேல் ஒரு மரியாதை வருகிறது. மூன்று அத்தியாயங்கள் கழித்து, அதே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், முதல் கொலைக்கு முன் டாக்டர் கணேசனுக்கு வணக்கம் வைக்கிறார்.

அந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு வளர்ந்த எவருக்கும் அது வயிற்றில் விழும் குத்து. ஆங்கிலேய வாசகருக்கு அது வெளிநாட்டுச் சாமி பெயர், ஒரு விநோதம், அவ்வளவுதான். நமக்கு அந்தச் செய்கை வீட்டுச் செய்கை. அவன் நிதானமாக, பக்தியோடு, கல்யாணப் பத்திரிகை எழுத உட்காருபவன் போலத் தொடங்குகிறான். பைத்தியக்காரன் வெறி பிடித்துச் செய்கிறான் என்றால் நாம் தள்ளி நின்று பார்க்கலாம். இவன் செய்வது பூஜை. தான் செய்வதற்கு அர்த்தம் இருக்கிறது, புனிதம் இருக்கிறது என்று முழுசாக நம்புகிறான். புத்தகம் முழுக்க அந்தக் குரல் தணியாமல், உயராமல், படித்த மனிதரின் குரலாகவே ஓடுகிறது. என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தக் குரல்தான்.

நான்காம் அத்தியாயம் பலரைக் கவிழ்க்கும் இடம். டாக்டரும் வண்டிக்காரன் நெட்லியும் ஒருநாள் முழுக்கக் குதிரை வண்டியில் லண்டனைச் சுற்றுகிறார்கள். டாக்டர் பேசுகிறார், பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். கிங்ஸ் கிராஸ், கவிஞர் வில்லியம் பிளேக் புதைந்திருக்கும் பன்ஹில் ஃபீல்ட்ஸ், தேம்ஸ் கரையில் 1878-ல் நிறுத்திய எகிப்தியத் தூண், நிக்கலஸ் ஹாக்ஸ்மூர் கட்டிய தேவாலயங்கள் என்று போய் செயின்ட் பால் கதீட்ரலில் முடிகிறது. போன இடங்களை வரைபடத்தில் கோடு போட்டு இணைக்கச் சொல்கிறார், ஐந்து முனை நட்சத்திரம் வருகிறது. நெட்லி வாந்தி எடுக்கிறான். இந்த அத்தியாயத்தில் அலுத்துப்போய் நிறுத்தியவர்களிடம் நான் சொல்வது: ஒரே மூச்சில் படிக்காதீர்கள். போனில் லண்டன் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிறுத்தமாகப் பாருங்கள். ஊரை ஒருவன் தன் பைத்தியத்துக்கு ஏற்ற மாதிரி எப்படிப் படிக்கிறான் என்பது அப்போது பிடிபடும். கொஞ்சம் போனால் நாமும் தூண்களையும் கோபுரங்களையும் கோடு போட்டு இணைக்க ஆரம்பிக்கிறோம், அதுதான் மூர் வைத்த பொறி.

எனக்கு வாய்ப்பு இருந்ததால் நடந்தும் பார்த்தேன். வைட்சாப்பல் ஸ்டேஷனுக்கு நேர் எதிரே பழைய லண்டன் ஆஸ்பத்திரிக் கட்டிடம். இப்போது அது டவர் ஹேம்லெட்ஸ் கவுன்சிலின் டவுன் ஹால். ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் டர்வார்ட் தெரு, அந்தக் காலத்தில் பக்ஸ் ரோ. முதலில் கொலையான மேரி ஆன் நிக்கல்ஸ் அங்கேதான் கிடந்தாள். அன்றைக்கு நின்ற பள்ளிக்கூடக் கட்டிடம் அடுக்குமாடி வீடாகி இன்னும் நிற்கிறது. மெரிக்கின் அறைக்கும் அந்த இடத்துக்கும் எவ்வளவு பக்கம் என்பது நடக்கும்போதுதான் தெரிந்தது, ரோட்டைக் கடந்தால் போதும். ஹான்பரி தெருவில் ஆனி சாப்மன் செத்த 29-ம் எண் வீடு இல்லை, மது ஆலைக் கட்டிடம் அதை விழுங்கிவிட்டது. எலிசபெத் ஸ்ட்ரைட், கேத்தரின் எடோஸ் இருவரும் கொலையான இரண்டு இடங்களையும் ஒட்டி இன்று ஆரம்பப் பள்ளிகள். எல்லாம் ஒரு மைலுக்குள். வேகமாக நடந்தால் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் முடித்துவிடலாம்.

கமர்ஷியல் தெருவில் ஹாக்ஸ்மூரின் கிறைஸ்ட் சர்ச்சுக்கு முன் நின்றபோது காமிக்ஸ் பக்கங்கள் ஏன் அப்படி வரைந்திருக்கின்றன என்பது விளங்கியது. 1729-ல் முடித்த கோயில், வெள்ளைக் கல், பார்க்கும் கழுத்தை வளைக்க வைக்கும் உயரம். அதன் காலடியில் டென் பெல்ஸ் மதுக்கடை இன்னும் நடக்கிறது. 1976-லிருந்து 1988 வரை அந்தக் கடைக்கு ஜாக் த ரிப்பர் என்றே பெயர் வைத்திருந்தார்கள் என்றால் நம்புவீர்களா? செத்தவர்கள் குடித்த கடைக்குக் கொன்றவன் பெயர்.

சாயங்காலமானால் வழிகாட்டிகள் கூட்டம் கூட்டமாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். அந்தக் கூட்டத்தோடு போக வேண்டாம் என்பது என் யோசனை. நான் ஓரமாக நின்று கேட்ட ஒன்றில், வெட்டு எங்கே விழுந்தது என்பதைத் தன் உடம்பிலேயே தொட்டுக் காட்டிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார் ஒருவர். காமிக்ஸையும் கையில் ஒரு வரைபடத்தையும் வைத்துக்கொண்டு பகலில் தனியாகப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை பிரிக் லேன் பக்கம் சந்தைக் கூட்டம் நெருக்கும், வேலை நாள் தேவலை.

ஓவியம் பற்றி. கேம்ப்பெல்லின் பேனாக் கோடுகள் முதலில் கிறுக்கல் மாதிரி தெரியும். கறுப்பு வெள்ளை, பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்பது கட்டம், ஆட்களின் முகம் ஒரே சாயல், கையெழுத்து வேறு நுணுக்கி நுணுக்கி. இதைப் போனில் படிக்கவே படிக்காதீர்கள். டேப்லெட்டிலும் எனக்குக் கண் வலித்தது. அச்சுப் புத்தகம், நல்ல வெளிச்சம், மேஜை, இந்த மூன்றும் வேண்டும். கனத்தை மடியில் வைத்துப் படிக்க முடியாது. கொஞ்சம் பழகியதும் கோடுகளுக்குள் புகையும் மழையும் தெரிய ஆரம்பிக்கும். ஐந்தாம் அத்தியாயத்தில் டாக்டரின் காலையையும் நிக்கல்ஸின் காலையையும் மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். டாக்டரின் கட்டங்கள் மை கரைத்துப் பூசியது போல மென்மை, அவளுடையவை கரடுமுரடுக் கீறல். அவளுக்கு அன்று ராத்திரிப் படுக்கைக்கு நாலு பென்னி வேண்டும், அது இல்லாமல்தான் தெருவில் நின்றாள். இது நிஜ வழக்கிலும் பதிவான விவரம். இரண்டு வகைக் கோட்டிலேயே வர்க்கத்தைச் சொல்லிவிட்டார் மனிதர், ஒரு வசனம் தேவைப்படவில்லை.

பத்தாம் அத்தியாயத்துக்குத் தனி எச்சரிக்கை. கடைசியாகக் கொலையான மேரி கெல்லியின் அறைக்குள் டாக்டர் இருக்கும் அந்த இரவு, பக்கம் பக்கமாக, பேச்சு மிகக் குறைவாக. ராத்திரியில் படிக்காதீர்கள். சாப்பிட்டதும் படிக்காதீர்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் மேஜையில் திறந்து வைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். கொலை, வன்முறை பற்றிய சொந்தத் துயரம் உள்ளவர்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிவிட்டுப் பதினொன்றாவதுக்குப் போகலாம், கதை அறுந்துவிடாது. என் மனைவி அப்படித்தான் படித்தாள், அவள் சொன்ன கருத்துகள்தான் எங்கள் வீட்டில் ஒன்றாந்தரம்.

படிக்கிறவர்கள் ஒரு இடத்தைக் கவனியுங்கள். வேலையின் நடுவே டாக்டருக்கு ஒரு தரிசனம்: கம்ப்யூட்டர்கள் வரிசையாக இருக்கும் இருபதாம் நூற்றாண்டு அலுவலகம் ஒன்றில் ரத்தக் கையோடு நிற்கிறார். யாரும் அவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. உங்களுக்கு எதுவுமே உறைக்காதா என்று அவர் அவர்களைத் திட்டுகிறார். கெல்லியின் அறை இருந்த டார்செட் தெருவே இன்று வரைபடத்தில் இல்லை, அந்த இடத்தில் பெரிய அலுவலகக் கட்டிடம் நிற்கிறது. கழுத்தில் அடையாள அட்டையோடு காபி வாங்க வெளியே வந்தவர்களைப் பார்த்துக்கொண்டு அங்கே நின்றேன். என் கழுத்திலும் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

குறையும் சொல்ல வேண்டும். ஐந்து பெண்களையும் மூர் அன்போடு எழுதுகிறார், பெயர், பசி, சிரிப்பு, கடன் எல்லாம் கொடுக்கிறார், புத்தகத்தையும் அவர்களுக்கே சமர்ப்பித்திருக்கிறார். ஆனாலும் டாக்டருக்குக் கிடைக்கும் பேச்சுக்கும் தத்துவத்துக்கும் முன்னால் அவர்கள் சிறுத்துப்போகிறார்கள். அவர்கள் எல்லோரும் பாலியல் தொழில் செய்தவர்கள் என்பதைக் காமிக்ஸ் அப்படியே எடுத்துக்கொள்கிறது. வரலாற்றாசிரியர் ஹாலி ரூபன்ஹோல்ட் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தில் மூவருக்கு அதற்கு ஆதாரமே இல்லை, வீடில்லாமல் தெருவில் தூங்கியபோது கொல்லப்பட்டிருக்கலாம் என்று வாதிடுகிறார். 'ஃப்ரம் ஹெல்' முடித்ததும் கையோடு அதையும் படித்துவிடுங்கள். ஒன்று இல்லாமல் மற்றதை நான் யாருக்கும் சொல்வதில்லை. கேபிள் தெருவில் பெண்களின் வரலாற்று அருங்காட்சியகம் என்று அனுமதி வாங்கிய ஒரு இடம் கடைசியில் 2015-ல் ரிப்பர் அருங்காட்சியகமாகத் திறந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ரூபன்ஹோல்டின் கோபம் நியாயமாகத்தான் படுகிறது.

பின்னிணைப்புகள் இரண்டு. முதலாவது குறிப்புகள்: எந்தப் பக்கத்தில் எது ஆவணம், எது ஊகம், எது சும்மா கற்பனை என்று மூர் பக்கவாரியாக ஒப்புக்கொள்கிறார். இதை ஒவ்வொரு அத்தியாயமும் முடிந்த பிறகு படிப்பது நல்லது. கூடவே புரட்டிக்கொண்டு படித்தால் கதையின் பிடி போய்விடும், மொத்தமாகக் கடைசிக்கு வைத்தால் மறந்துபோகும். இதைப் படிக்காமல் விடுவது ஆபத்து என்றே சொல்வேன். என் மைத்துனர் காமிக்ஸை மட்டும் படித்துவிட்டு, ஒரு கல்யாண வீட்டில், "ரிப்பர் அரண்மனை டாக்டர்தான், நிரூபிச்சுட்டாங்க" என்று பந்தியில் பேசிக்கொண்டிருந்தார். அவ்வளவு நம்பும்படி எழுதியிருக்கிறது.

இரண்டாவது பின்னிணைப்பும் ஒரு காமிக்ஸ்தான். நூறு வருஷமாக ஆளாளுக்கு ஒரு கொலைகாரனைச் சொல்லிப் புத்தகம் போட்டவர்களை, வலையைத் தூக்கிக்கொண்டு கடற்காகம் (ஆங்கிலத்தில் 'கல்', டாக்டரின் பெயரேதான்) பிடிக்க ஓடும் கூட்டமாக வரைந்திருக்கிறார் கேம்ப்பெல். மூரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். அதில் கோக் வளைகோடு என்ற கணக்கைச் சொல்கிறார். ஒரு வட்டம் போட்டு, அதற்குள் முனைகள் தொடும்படி ஒரு முக்கோணம் வரைந்து, அதன் ஒவ்வொரு பக்கத்திலும் சின்ன முக்கோணம், அதன் பக்கங்களில் இன்னும் சின்னது என்று ஒட்டிக்கொண்டே போனால் ஓரத்தின் நீளம் எல்லையில்லாமல் வளரும், ஆனால் மொத்த வடிவமும் முதலில் போட்ட வட்டத்தை ஒருபோதும் தாண்டாது. ரிப்பர் ஆராய்ச்சியும் அப்படித்தான், விவரம் கூடிக்கொண்டே போகிறது, விஷயம் கூடவில்லை என்கிறார். நள்ளிரவில் சந்தேகப் பேர்வழிகளின் பட்டியலைத் தோண்டிக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பக்கம் நல்ல மருந்து. கணினியை மூடிவிட்டுப் படுக்கப் போனேன்.

காமிக்ஸ் எழுத, வரைய ஆசைப்படும் தம்பிகள் சிலர் எங்கள் வாசகர் கூட்டத்துக்கு வருவார்கள். அவர்களுக்கு இந்தப் புத்தகம் ஒரு பள்ளிக்கூடம். இதில் நினைப்பைக் காட்டும் மேகக் குமிழ் கிடையாது, 'டமார்', 'தொம்' கிடையாது. பயத்தைக் கூட்டக் கட்டத்தைச் சாய்த்து உடைக்கும் வேலையும் கிடையாது. ஒரே அளவுக் கட்டம், கடிகாரம் மாதிரி. அதனாலேயே ஒரு பெரிய கட்டம் திடீரென்று வந்தால் நெஞ்சு தூக்கிப் போடுகிறது. திகில் கதை எழுதுகிறவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சி: கொலைகாரன் யார் என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டு ஒரு கதை எழுதிப் பாருங்கள். அதற்கப்புறமும் வாசகர் பக்கத்தைத் திருப்ப என்ன காரணம் மிச்சம் இருக்கிறது என்று தேடும்போதுதான் பாத்திரங்கள் பிறக்கும். ஒரு தம்பி அப்படி எழுதிக்கொண்டு வந்தான். துப்பறிபவருக்குக் குற்றவாளியைத் தெரியும், அவர் தன் சொந்த அண்ணன். ஆறே பக்கம், இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

எந்தப் பதிப்பு வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: கேம்ப்பெல்லே வண்ணம் சேர்த்துத் திருத்திய பதிப்பும் இப்போது கிடைக்கிறது. ஆட்களை அடையாளம் காண்பது அதில் சுலபம், கோட்டோவியம் பழகாதவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். ரத்தத்துக்குச் சிவப்பு வந்துவிடுவதால் பத்தாம் அத்தியாயம் அதில் இன்னும் கடினம். நான் கறுப்பு வெள்ளையைத்தான் வைத்திருக்கிறேன். இரவல் கேட்டால் தருவேன், திருப்பித் தர மாதக் கணக்கானாலும் சரி, பின்னிணைப்பைப் படித்தீர்களா என்று மட்டும் கேட்பேன்.